துணிவு யாருடையது?

வெற்றி மனோபாவம் என்ற சொற்சேர்க்கை சில வருஷங்களாக எங்கும் காதில் விழுகிறது. பள்ளிக்கூட விழாக்களில், வியாபாரக் கூட்டங்களில், கிரிக்கெட் வர்ணனையில், அரசியல் மேடையில். பழகிப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஒரு குணமாக மட்டுமல்ல, ஒரு அறமாகவே அதை முன்வைக்கிறார்கள். தாக்கு, தயங்காதே, தயங்குகிறவன் உள்ளூரத் தோற்க விரும்புகிறவன். இந்த உபதேசத்தில் உண்மை எவ்வளவு, எந்த இடத்தில் அது பொய்யாக மாறிவிடுகிறது என்பது என் விசாரம். விளையாட்டைப் பற்றியது போலத் தோன்றினாலும் கேள்வி விளையாட்டோடு நிற்பதல்ல.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை ஜவ்வாது மலைமேல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கீழே சமவெளியில் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும். கடன் கொடுப்பதிலும் வைப்புநிதி சேர்ப்பதிலும் எங்களுக்குத் தாக்கும் வேகம் போதவில்லை என்று ஒருமுறை பேச வந்தவர் சொன்னார். உதாரணத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படத்தைத் திரையில் ஓட்டினார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த ஆட்டம் மனசில் தங்கிவிட்டது, அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல.

ஆட்டத்தின் அமைப்பு இது. பந்தை வைத்திருக்கும் அணி பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். மூன்றில் முடியாமல் போனால் நான்காவதில் ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது. பந்தை நீள உதைத்து எதிராளியைத் தொலைவுக்குத் தள்ளிவிடலாம். கம்பங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால் அவற்றினிடையே உதைத்து மூன்று புள்ளிகளோடு திருப்திப்படலாம். அல்லது மிச்ச தூரத்தைக் கடந்தே தீருவது என்று இறங்கலாம். கடந்துவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள். தவறினால் நின்ற இடத்திலேயே பந்து எதிராளிக்குப் போய்விடும். எதைச் செய்வது என்பதைப் பெரும்பாலும் ஆடுகிறவன் தீர்மானிப்பதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். உள்ளே இருப்பவன் நிறைவேற்றுகிறான். இந்த விவரம் பிறகு நமக்கு வேண்டியிருக்கும்.

டேவிட் ரோமர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2002இல் இந்த நான்காம் வாய்ப்பை வைத்து ஒரு ஆய்வு எழுதினார். 2006இல் அது ஒரு பெரிய பொருளாதார சஞ்சிகையில் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் கணக்கை எடுத்து, பயிற்சியாளர்கள் உதைத்துத் தள்ளிவிடும் பல சந்தர்ப்பங்களில் முயன்று பார்ப்பதே வெற்றிக்கு அதிக சாதகமானது என்று காட்டினார். அப்படியானால் ஏன் உதைக்கிறார்கள்? உதைத்துவிட்டுத் தோற்றால் ஆட்டம் தோற்றது என்பார்கள். முயன்று தோற்றால் பயிற்சியாளர் தோற்கடித்தார் என்பார்கள். வழக்கமான தோல்வியில் வேலை போகாது, வழக்கத்துக்கு மாறான தோல்வியில் போகும். ஆக ஜாக்கிரதை என்று பெயர் பெற்றது விவேகமே அல்ல. அது அணியின் செலவில் தன்னைக் காத்துக்கொள்ளும் உத்தி.

இதுவரை தாக்குதலின் உபதேசிகள் சொல்வது சரிதான். ஜாக்கிரதையின் முகமூடியோடு திரியும் கோழைத்தனத்தை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். மேலதிகாரி கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கவேண்டும் என்பதற்காகவே மறுக்கப்படும் நியாயமான மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். மறுத்ததற்காக ஒருவரும் தண்டிக்கப்படுவதில்லை.

எங்களுக்குக் காட்டிய படம் 2018 பிப்ரவரி 4ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டம். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி இடைவேளைக்குச் சற்று முன் கோட்டின் விளிம்பில், நான்காம் வாய்ப்பில், மூன்று புள்ளிகளை உதறிவிட்டு ஒரு தந்திர ஆட்டத்தில் இறங்கியது. பந்தை வீசவேண்டிய நிக் ஃபோல்ஸ் ஓடிப்போய் அதைப் பிடிப்பவனாக மாறினார். பலித்தது. 41–33 என்று கிண்ணம் வந்தது. பார்த்தீர்களா, துணிந்தவன் வென்றான் என்றார் வகுப்பெடுத்தவர்.

அவர் காட்டாத படம் ஒன்று உண்டு. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2015 பிப்ரவரி 1ஆம் தேதி, அதே இறுதிக் கட்டம். சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு ஒரு கஜம் மிச்சம். அரை நிமிஷத்துக்கும் குறைவான நேரம். முரட்டு ஓட்டக்காரர் ஒருவர் கையில் இருந்தும் பந்தை வீசும்படி பயிற்சியாளர் பீட் கேரல் சொன்னார். எதிரணியின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். 28–24 என்று தோல்வி. மறுநாளிலிருந்து அது ஆட்டத்தின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய முட்டாள்தனம் என்று பேசப்பட்டது. உட்கார்ந்து கணக்குப் பார்த்த சிலர் அந்தத் தீர்மானம் அவ்வளவு மோசமானதல்ல, அத்தகைய இடத்தில் வீசிய பந்து எதிராளி கையில் சிக்குவது மிக அபூர்வம் என்று சொன்னார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. பிலடெல்பியாவின் பந்து நழுவியிருந்தால் அதையும் முட்டாள்தனம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பலன் வந்த பிறகு காரணம் கற்பிக்கிறோம். வென்றவனிடம் இருந்ததை வெற்றி மனோபாவம் என்றும், தோற்றவனிடம் இருந்த அதே பண்டத்தை அகங்காரம் என்றும் அழைக்கிறோம்.

இதை ஒட்டிய கேள்வியை 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுப்ப, தாமஸ் நேகல் அதற்கு எதிர்வினை எழுதினார். ஒரு காரியத்தின் ஒழுக்க மதிப்பு அதிர்ஷ்டத்தைச் சார்ந்திருக்கலாமா? மனைவி மக்களை விட்டுவிட்டு ஓவியம் வரையத் தூரதேசம் போன கொகான், நல்ல ஓவியங்கள் படைக்காமல் போயிருந்தால் என்னவாகியிருப்பான்? அவனுக்கு ஏதாவது நியாயம் இருந்தால் அது பின்னால் வரும் வெற்றியிலிருந்துதான் வரவேண்டும் என்கிறார் வில்லியம்ஸ். சங்கடமான வாதம். நம் கூட்டத்தில் பலருக்கு இது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன்னை கொகானாக எண்ணிக்கொள்ள முடியும். அந்தப் பெண்ணாக எண்ணிக்கொள்பவர்கள் குறைவு.

பலனைக் கழித்துவிட்டு மனிதர்களால் மதிப்பிட முடியாது என்று சொல்லிவிடவும் முடியவில்லை. சேப்பாக்கம் மைதானம் அதற்குச் சாட்சி. 1986 செப்டம்பரில் ஆலன் பார்டர் கடைசி நாள் காலையில் மேற்கொண்டு ஆடாமலே இன்னிங்ஸை முடித்துக்கொண்டு, ஒரே நாளில் 348 எடுங்கள் என்று இந்தியாவிடம் விட்டார். பாதுகாப்பாக இழுத்தடித்து டிரா செய்திருக்கலாம். இந்தியாவும் அந்த அழைப்பை ஏற்று அடித்து ஆடியது. கடைசி ஓவரில் நான்கு ஓட்டங்கள் வேண்டும், ஒரு விக்கெட் மிச்சம். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு, பிறகு ஒன்று எடுத்துச் சமன் செய்தார். அந்த ஒன்று மணீந்தர் சிங்கை எதிர்முனைக்குக் கொண்டுவந்தது. ஐந்தாவது பந்தில் மணீந்தர் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் சமன், டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது முறை. சாஸ்திரி அந்த ஒற்றை ஓட்டத்தை எடுத்தது ஜாக்கிரதையா, துணிவா? தோல்வியின் கதவை மூடிவிட்டு வெற்றியின் கதவை வேறொருவன் கையில் கொடுத்தார். இரண்டு பெயரும் பொருந்தும்.

1999 ஜனவரி 31 இன்னும் தெளிவு. பாகிஸ்தானுக்கு எதிராக 271 வேண்டும். முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 எடுத்தார். பதினேழே ஓட்டங்கள் மிச்சமிருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்கப்போய் அவுட்டானார். அடுத்த நான்கு ஓட்டங்களுக்குள் மிச்ச மூன்று விக்கெட்டுகளும் போயின. பன்னிரண்டு ஓட்டத் தோல்வி. பிறகு நடந்ததுதான் விசேஷம். அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கைத்தட்டலைத் தாராள மனசு என்று மட்டும் சொல்லிவிட்டால் போதாது. வெற்றி யாருக்கு என்ற கேள்விக்கு வெளியே, கண்ணெதிரே நிகழ்ந்த காரியம் எப்படிப்பட்டது என்ற கேள்வியும் தனக்கு உண்டு என்று ஒரு கூட்டம் அன்று காட்டியது. தோல்வியின் வலி குறையாமலே அதைக் காட்டியது.

தாக்குதல் பற்றி இந்த மலையும் அதன் அடிவாரமும் மிகப் பழைய ஆவணங்களை வைத்திருக்கின்றன. ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது, பதிப்பித்தவர் நாகசாமி. பல்லவர் காலத்தில் தொடங்கும் வட்டெழுத்துக் கற்கள். பெரும்பாலானவற்றின் விஷயம் தொறு, அதாவது மாட்டு மந்தை. மாடு கவர்ந்தார்கள், அல்லது மீட்டார்கள், அதில் ஒருவன் பட்டான். இலக்கணக்காரர்களின் வெட்சியும் கரந்தையும் இங்கே புழுதியோடு கிடக்கின்றன. இந்தக் கற்களில் முதலில் என்னைக் கவர்ந்தது, கவரப் போனவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போனவனுக்கும் கல் உண்டு என்பது. இரண்டாவது, மீட்டுவிட்டுப் பட்டான் என்று சில கற்கள் சொல்வது. மாடு திரும்பிவிட்டது, ஆள் திரும்பவில்லை. இது வெற்றியா, தோல்வியா என்று கல் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என்பதுபோல வினைமுற்றோடு நின்றுவிடுகிறது.

செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரும், அது கள்வரைக் கடித்த செய்தியும் எழுத்தில் இருக்கின்றன. விழுப்புரத்துப் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே கல் நட்டிருக்கிறார்கள். எந்தச் சேரிக்காக அது சண்டையிட்டது என்பது கல்லில் இருக்கிறது. அதை ஏவிவிட்டவர்களின் பெயர்கள் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. நடுகல்லின் வாசகத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் அரசன், அவன் ஆட்சியாண்டு. பிறகு வட்டாரத் தலைவன். பிறகு அவனுடைய சேவகன். கடைசியில் பட்டான் என்ற வினை. அரசன் பெயர் காலத்தைக் குறிக்க மட்டும் பயன்படுகிறது, இன்றைக்கு நாம் தேதி போடுவதுபோல. கல் அரசனுக்கு அல்ல. தொறு கவரச் சொன்னவனுக்கும் அல்ல. உடம்போடு போய் அங்கே விழுந்தவனுக்கு.

பின்னால் வந்த பரணியை இதோடு வைத்துப் பாருங்கள். கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவன் முதற்குலோத்துங்கன். கலிங்கத்துக்குப் படையோடு போனவன் கருணாகரத் தொண்டைமான்; சோழன் காஞ்சியில் இருந்தான். ஏவியவனைப் பாடுவது பரணி, இறங்கியவனுக்கு நிற்பது நடுகல். ஜெயங்கொண்டாரின் கவித்துவத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை; இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே நம் பிரக்ஞையில் ஏதோ இடம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். துணிவு என்ற சொல்லின் உரிமை, விழுந்தவனிடமிருந்து அனுப்பியவனுக்கு மாற்றி எழுதப்பட்டுவிட்டது. இன்றைய வெற்றி மனோபாவப் பேச்சுகள் எல்லாம் குட்டிப் பரணிகள்.

வள்ளுவரிடம் இந்த வேறுபாடு கூர்மையாக இருக்கிறது. வரப்போகும் லாபத்தை நம்பிக் கைமுதலைத் தொலைக்கும் காரியத்தில் விவரமறிந்தவர்கள் இறங்கமாட்டார்கள் என்று தெரிந்து செயல்வகை அதிகாரத்தில் சொல்கிறார். முயல்மேல் தைத்த அம்பைவிட யானையைத் தப்பவிட்ட வேல் மேல் என்று படைச்செருக்கு அதிகாரத்தில் சொல்கிறார். முரண்பாடு என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. முதலாவது அரசனைப் பற்றிய பகுதியில் வருகிறது. இரண்டாவது படைவீரனைப் பற்றிய அதிகாரத்தில். தீர்மானிப்பவனுக்கு முதல் பற்றிய கவலை விதிக்கப்படுகிறது. கையில் வேல் ஏந்தியவனுக்கு, தவறினாலும் யானையைக் குறிபார்த்த பெருமை கொடுக்கப்படுகிறது. பிறர் உடம்பைப் பணயம் வைப்பவன் கணக்குப் பார்க்கவேண்டும். தன் உடம்பைப் பணயம் வைப்பவன் கணக்கைத் தாண்டலாம். இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்ததுதான் நம் காலத்தின் மோசடி. அனுப்புகிறவன் யானை வேட்டைக்காரனின் பாஷை பேசுகிறான். போகிறவனிடம் கைமுதல் காலி.

மலையில் சாயங்காலங்களில் பையன்கள் கபடி ஆடுகிறார்கள். பழைய பெயர் சடுகுடு. இதில் தாக்கப் போகிறவன் தனியன். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஏழு பேர் இருக்கும் எல்லைக்குள் நுழைகிறான். நுழையும்போதே தன்னை ஒப்புக்கொடுத்தாகிவிட்டது. 2014இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகளில் ஒரு விதி இருக்கிறது: தொடர்ந்து இரண்டு தடவை பாடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது போகிறவன் புள்ளி எடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அவன் அவுட். சும்மா போய்விட்டு வந்து நேரம் கடத்துவதைத் தடுக்கும் விதி. துணிவைச் சட்டத்தால் கட்டாயமாக்கியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். இங்குள்ள பையன்களும் இப்போது அந்த விதிப்படி ஆடுகிறார்கள். மூன்றாவது முறைக்கு யாரை அனுப்புவது என்பதில்தான் சச்சரவு எல்லாம்.

ஆனால் கபடியின் உண்மையான தத்துவம் வேறொரு இடத்தில் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. சஞ்சீவனியில் அவுட்டானவன் வெளியே காத்திருப்பான். அவன் அணி எதிராளி ஒருவனை வீழ்த்தினால் அவன் எழுந்து உள்ளே வருவான். காமினியில் வெளியே போனவன் போனவன்தான், அணி முழுவதும் தீரும்வரை திரும்ப முடியாது. அமரில் அவுட்டானாலும் யாரும் வெளியே போவதில்லை. புள்ளி மட்டும் எதிராளிக்கு. இன்று எங்கும் ஆடப்படுவது சஞ்சீவனி முறையைத் தழுவியது. பெயர்கள் தற்செயலாக இருக்கலாம். ஆனால் இவற்றைவிடத் தெளிவாக ஒரு தத்துவ ஆசிரியர் பிரித்துக் காட்டியிருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது.

தாக்கு என்று சொல்வதற்கு முன் எந்த வடிவம் ஆடப்படுகிறது என்று கேட்கவேண்டும். ரோமரின் கணக்கு சரி. ஏனென்றால் அது சராசரியின் கணக்கு. அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அடுத்த வருஷம் இன்னொரு பருவம் இருக்கிறது. இன்று தவறியது நாளை பலிக்கும், மொத்தத்தில் லாபம். சஞ்சீவனியில் துணியாதவன் முட்டாள். ஆட்டம் காமினியாக இருந்தால்? விழுந்தவன் எழுந்து வராத ஆட்டத்தில் சராசரி யாருக்குச் சொந்தம்?

ஜவ்வாது மலையின் பயிர் சாமை. மானாவாரி. மழை ஏய்த்தாலும் கொஞ்சமாவது வரும், வீட்டில் வைத்தால் கெடாது. விலை பெரிதாகக் கிடைக்காது. இதை விட்டுக் கடன் வாங்கிப் பணப்பயிருக்கு மாறு என்று சொல்வது எங்கள் வேலையின் ஒரு பகுதி. சொல்லவும் செய்கிறோம், சில பேருக்கு நன்றாகவே பலித்திருக்கிறது. ஆயிரம் பேருக்குக் கடன் கொடுக்கும் ஸ்தாபனத்துக்கு நூறு பேர் தவறினால் அது ஒரு சதவீதக் கணக்கு. அதற்கென்று பேரேட்டில் தனிப் பத்தி இருக்கிறது. அந்த நூறில் ஒருவனுக்கு அது சதவீதம் இல்லை. அவன் முழுசாகத் தவறிவிட்டான். வங்கி ஆடுவது சஞ்சீவனி. அவன் ஆடுவது காமினி. ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம் நடக்கிறது. வங்கியின் விதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, உனக்கு மனோபாவம் போதாது என்று வகுப்பெடுக்கிறோம். பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘சாமை பணக்காரனாக்காதுங்க சார். ஆனா ஊரைவிட்டு ஓடவும் வெக்காது.’ இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எந்த உபதேசிக்கும் யோக்கியதை கிடையாது.

இந்த வாதத்துக்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. நண்பர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஏழைக்கு ஜாக்கிரதையை சிபாரிசு செய்வதும் ஒரு ஏவல்தானே? மாதச் சம்பளத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, மலையிலிருப்பவனை சாமையோடு இரு என்று வாழ்த்துவதில் என்ன அறம் இருக்கிறது? உண்மை. ஜாக்கிரதையைப் புகழ்ந்து ஒரு சமூகத்தை அது இருந்த இடத்திலேயே வைத்திருக்க முடியும். நம் சரித்திரத்தில் அது நிறையவே நடந்திருக்கிறது. துணிகிற உரிமை அவனுக்கு உண்டு. என் வாதம் அந்த உரிமை அவனுடையது என்பதில் நிற்கிறது. அவன் துணியும்போது விழுந்தால் எழ ஒரு வழி வைப்பது, அதாவது காமினியைச் சஞ்சீவனியாக மாற்றுவது, சுற்றியிருப்பவர்களின் கடமை. அதைச் செய்யாமல் துணிவை மட்டும் போதிப்பது தகாது. துணியாதே என்று போதிப்பதும் தகாது.

எழ வழியில்லாத துணிவு என்ன ஆகும் என்பதை இந்த மலை அறியும். கொகானையும் கால்பந்தையும் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விடுவது எனக்குச் சாத்தியமில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை அந்த மாநிலத்தின் சிறப்புக் காவல் படை சுட்டுக் கொன்றது. தமிழ்நாட்டு மலைகளிலிருந்தும் அடிவார ஊர்களிலிருந்தும் போனவர்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் அவர்களில் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. பிடித்து வைத்துக் கொன்றார்கள் என்று குற்றம் சாட்டின.

சட்டத்தின் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அது வெட்சியின் அமைப்பு: வேற்றெல்லை, பிறர் சொத்து, இரவுப் பயணம், கூட்டமாகப் போவது. அனுப்புகிறவன் இருக்கிறான், போகிறவன் இருக்கிறான். ஒரு நாள் கூலி உள்ளூரில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு என்று ஆசை காட்டி அழைக்கும் ஏஜெண்டு, அதற்கும் மேலே பெயர் தெரியாத வியாபாரி. சுடப்பட்டவர்களெல்லாம் கூலிக்கு வெட்டப் போனவர்கள். மரம் யாருக்குப் போய்ச் சேருமோ அவர்கள் காட்டில் இல்லை. அன்று காட்டுக்குள் போனவர்களிடம் துணிவு இல்லையென்று யார் சொல்லமுடியும்? எந்தப் பயிற்சி வகுப்பிலும் போதிக்கப்படும் துணிவைவிட அதிகமாகவே இருந்திருக்கும். வழக்குப் பதிவேட்டிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் அவர்கள் பெயர் வந்தது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் ஒரு நாய்க்குக்கூடப் பெயர் எழுதிய வட்டாரம் இது.

அதே 2015இல், இரண்டு மாத இடைவெளியில், ஒரு கஜத் தூரத்தில் பந்தை வீசச் சொன்ன பயிற்சியாளர் வருஷக்கணக்காக விசாரிக்கப்பட்டார், இன்றும் விசாரிக்கப்படுகிறார். அதை நான் நையாண்டியாகச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு நேர்மை இருக்கிறது: ஏவியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் கோட்டுக்கு வெளியே, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறான். தோற்றால் தன் பெயரால் தோற்கிறான். கேரல் தப்பி ஓடவில்லை. அது என் தீர்மானம் என்று சொன்னார். நம் வாழ்க்கையின் ஆட்டங்களில் பெரும்பாலும் ஏவியவன் முகம் தெரிவதில்லை. வென்றால் மட்டும் வெளியே வருகிறான், பரணி பாடிக்கொள்ள.

தொல்காப்பியத்தின் வாகைத்திணையை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது உபயோகம். வாகை என்றால் போர்க்களத்து வெற்றி மட்டும் என்று நாம் சுருக்கிவிட்டோம். தொல்காப்பியர் அவரவர் தம் தொழிலில், தம் இயல்பில் பிறரிலும் சிறந்து விளங்குவதை வாகை என்கிறார். அரசனுக்கு மட்டும் அல்ல, ஓதுபவனுக்கும் வணிகனுக்கும் துறவிக்கும் அது உண்டு. அங்கே எதிராளி வீழ்வது அவசியமில்லை. இந்த அர்த்தத்தில் சேப்பாக்கத்தின் இரண்டு அணிகளுக்கும் அன்று வாகை இருந்தது. வெற்றியை நான் வெறுக்கவில்லை; வெற்றி என்ற சொல்லின் இந்த அகலத்தை மீட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

அகலம் குறைந்தால் என்ன நேரும் என்பதை செல்லப்பா ‘வாடிவாசலி’ல் காட்டிவிட்டார். பிச்சி காரியை அணைந்துவிடுகிறான். மாட்டின் சொந்தக்காரரான ஜமீன்தார், தோற்ற காளையைச் சுட்டுவிடுகிறார். அவர் வாடிவாசலுக்குள் இறங்கியவர் அல்ல. தன் வெற்றியைத் தன் உடம்பில் வைக்காமல் காளையின் உடம்பில் வைத்திருந்தார். தோல்வியையும் அதன் உடம்பிலேயே தீர்த்துக்கொண்டார். வெற்றி மனோபாவத்தின் முழு உருவம் அந்தத் துப்பாக்கி.

கடைசியாக நம்மைப் பற்றி. விமர்சகன் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன். சோதனை செய், மரபை உடை, வாசகனை மறந்துவிடு என்று இளம் கவிஞனுக்குக் குரல் கொடுக்கிறோம். அவன் இறங்குகிறான். பலித்தால் நம் சிற்றிதழ் மரபின் வெற்றி. பலிக்காவிட்டால் அவன் பத்து வருஷத்தை இழந்துவிட்டு மௌனமாகிறான், நாம் அடுத்த இதழில் அடுத்தவனை அனுப்புகிறோம். இலக்கியம் என்னும் ஸ்தாபனம் சஞ்சீவனி ஆடுகிறது. தலைமுறைக்கு நான்கு பேர் தேறினால் அதற்குப் போதும். தனிக் கவிஞன் ஆடுவது காமினி. இதைச் சொல்வதால் சோதனையே வேண்டாம் என்று ஆகாது. அந்தக் குரலைக் கொடுக்கும் தகுதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறேன்.

செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தார், கடுமையாக விமர்சித்தார், இளைஞர்களை ஏவவும் செய்தார். ஆனால் பணம் அவருடையது, நஷ்டம் அவருடையது. ‘எழுத்து பிரசுர’ப் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரி வாசல்களுக்குப் போனதும் அவர்தான். அவருடைய இலக்கியத் தீர்மானங்களில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தாக்கு என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஏவுகிறவனும் இறங்குகிறவனும் அங்கே ஒரே ஆள். நமக்கு அப்படி இருப்பது எப்போதும் சாத்தியமில்லை. குறைந்தபட்சம், யாரை எந்த ஆட்டத்துக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பலாம். விழுந்தவன் பெயரை எழுதி வைக்கலாம்.